எரிச்சலுக்கு இரட்டை மார்க்

பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் அளவு பார்க்கிற வேலை செய்தேன். லேத்தில் கடைந்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் வெர்னியரில் பிடித்துப் பார்ப்பேன். முடியளவு பிசகினாலும் சிவப்பு பெயிண்ட் தடவித் தள்ளிவிடுவேன். யார் கெஞ்சினாலும் மசிந்ததில்லை. முதுகுக்குப் பின்னால் என்னை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அதனால் தங்கையின் நோய்க்கும் ஓர் அளவு உண்டு என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவளுக்கு பைபோலார். சில மாதங்கள் படுக்கையை விட்டு எழமாட்டாள். சில வாரங்கள் கால் தரையில் பாவாது. கல்யாணமான ஆறே மாதத்தில் புகுந்த வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கோவில்பதாகையில் என் வீட்டில்தான் இருக்கிறாள்.

அம்பத்தூர் டாக்டர் மாதம் ஒருமுறை ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்பார். தூக்கம் எத்தனை மணி, பேச்சு எவ்வளவு, வேகம் எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார். எரிச்சலுக்கு மட்டும் இரட்டை மார்க். கூட்டிப் பார்த்தால் நோய் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"ஏறியிருக்கறது அவங்களுக்கே தெரியாது சார். வீட்ல இருக்கறவங்க சொல்றதுதான் முக்கியம்" என்றார்.

தினமும் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். என்னை மாதிரி யாரும் எழுதுவதில்லை என்று அவர் பாராட்டினார்.

இந்த வருடம் என் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. பையன் வீடு பூந்தமல்லி. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை, அத்தை அல்லவா. மகளுக்கு ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தாள். நிச்சயத்தன்று ஜெபத்துக்கு முன்னால் பாடப்போவது தான்தான் என்று மகளிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள். சமையலறையில், மொட்டை மாடியில், குளியலறையில் எல்லாம் ஒரே பாட்டு. குரல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பழைய கல்யாணம் ஒன்று ஞாபகம் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், மைக்கைப் பிடுங்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரை அரை மணி நேரம் கிழித்தாள். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் இந்த முறை அவளுக்கு ஒன்றுமில்லை. ஏழு மணி நேரம் தூங்கினாள். வேளைக்கு மாத்திரை போட்டாள். அவள் பட்டது வெறும் சந்தோஷம். அளவு பார்த்தே பிழைத்தவனுக்கு அது தெரியாதா?

நிச்சயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. முந்தின சாயங்காலம் நோட்டை எடுத்து, தூக்கத்துக்கு ஏழு என்று இருந்ததையெல்லாம் நாலாக்கினேன். பேச்சையும் வேகத்தையும் ஏற்றினேன். எரிச்சல் என்ற இடத்தில், என்னை அடிக்க வந்தாள் என்று எழுதினேன். அவள் பிறந்ததிலிருந்து என்மேல் கை ஓங்கியதில்லை. நான் எழுதியபோதும் எதிரில் உட்கார்ந்து என் சட்டையைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் நோட்டைப் படித்துவிட்டு, "எத்தனை மணி நேரம்மா தூங்கறீங்க?" என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணன்தான் எழுதிக்கீதே டாக்டர்" என்றாள்.

இருந்த மாத்திரையைக் கூட்டி, புதிதாக இன்னொன்றும் சேர்த்தார்.

நாலே நாளில் பாட்டு நின்றது. கை நடுங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. ஒரு பக்கக் கை இன்னும் தைக்காத ஜாக்கெட்டைக் கடையில் கொடுத்து முடித்தோம். நிச்சயத்தன்று போதகர் ஜெபித்தபோது, அவள் வீட்டில் வாயோரம் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை வர்லயா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"ஜொரம்மா" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிரியாணி அருமையாக இருந்தது. நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் டாக்டர் கூட்டிப் பார்த்தார். "ரெண்டுதான் சார். ரொம்ப நல்லா வந்திருக்காங்க. கல்யாணம் முடியற வரைக்கும் இதே டோஸ் போகட்டும்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேச்சில்லை, வேகமில்லை, எரிச்சலில்லை. அந்த முறை நான் எழுதியிருந்ததெல்லாம் சரியான அளவுகள்தான்.

திரும்பும்போது ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாக்கு குழறக் குழறச் சொன்னாள்.

"ண்ணா, நீ ஏழ நாலா மாத்துனத நான் பாத்துகினுதான் இருந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்தை மறைக்கச் சீறினேன். "அப்போ டாக்டராண்ட சொல்றதுக்கு இன்னா? ஏன் வாய மூடிகினு இருந்த?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா கோவம் வரும். கத்தியிருப்பேன்." வாயைத் துடைத்துக்கொண்டாள். "எரிச்சலுக்கு டபுள் மார்க்காச்சேண்ணா."

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். எரிச்சல் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாத்திரையைக் குறைக்கச் சொல்லி நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கல்யாணத்தன்றும் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.