சித்திரையில் கழுத்துவரை பொத்தான்

எழுத்தர் வேலை நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று பொறாமைப்படுகிறவர்கள், சித்திரை மாதத்து நண்பகலில், ஓட்டுக் கூரையின் கீழ், கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டு ஒரு பக்கமேனும் பிழையின்றிப் படியெடுத்துப் பார்த்தவர்கள் அல்லர். அவ்வாறு எழுதி வெந்தவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன். மற்றவர்கள் விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

நான் பெண்கள் பள்ளியில் பதினோர் ஆண்டு இலக்கணம் கற்பித்தவள். யுத்தக் காலத்தில் தானியம், மண்ணெண்ணெய்க் கட்டுப்பாட்டுக்கென்று புதிய அலுவலகங்கள் முளைத்தபோது, தமிழ் அறிவிப்புகளைத் திருத்தமாக எழுத ஆள் வேண்டுமென்று என்னை அழைத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். மொரப்பூரில் இரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, புழுதியை விழுங்கிக்கொண்டு வரவேண்டிய ஊர் என்பது போதும். ஆண் எழுத்தர் எழுவர், நான் ஒருத்தி, வாசலில் சேவகர் முனியப்பன், எங்கள் எல்லோருக்கும் மேலே ஓர் அதிகாரி. அதிகாரி வெள்ளைக்காரர் அல்லர். வெள்ளைக்காரரைவிட ஒரு பொத்தான் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் நம்மவர். பங்குனி பிறந்ததும் வந்து சேர்ந்தார். வந்த அன்றே உடை உத்தரவும் பிறந்தது.

மேல் பொத்தான்

அதிகாரியின் அறைக்குள் நுழையும் எழுத்தர் எவரும் மூடிய கழுத்துக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருக்க வேண்டும். சேவகர் காலை முதல் மாலை வரை முழுச் சீருடையில் நிற்க வேண்டும். சேவகரின் உடையில் குறை கண்டால் பதிவேட்டில் குறிப்பு எழுதப்படும்; மூன்று குறிப்புகள் சேர்ந்தால் வேலை போய்விடும். உத்தரவு இவ்வளவுதான். எழுதியவருடைய அறையில் மட்டும் தலைக்குமேல் பங்கா விசிறி ஆடிக்கொண்டிருந்தது என்பதை அதில் குறிப்பிடவில்லை.

முனியப்பனின் சீருடை அவருக்காகத் தைத்ததன்று. குளிர்ப் பிரதேசத்தில் வேலை பார்த்த யாருக்கோ தைத்த சிவப்புக் கம்பளிக் கோட்டு அது. அதன்மேல் குறுக்காக டவாலிப் பட்டை. பட்டையில் உள்ளங்கை அகலப் பித்தளை வில்லை. பதினொரு மணிக்குமேல் அந்த வில்லையைத் தொட்டால் விரல் சுடும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் அவருடைய மானாவாரிக் காடு மூன்று ஆண்டு விளையாமற்போனதால் இந்த வேலைக்கு வந்தவர். இதுவும் போனால் மனைவி மக்களோடு குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகப் புறப்பட வேண்டியதுதான். அங்கேதான் காய்ச்சலில் தம் அண்ணனைப் பறிகொடுத்திருந்தார். ஆகவே கம்பளியைச் சகித்தார், வில்லையைச் சகித்தார். கழுத்தைச் சுற்றி வேர்க்குரு வெடித்துப் புண்ணாகியிருந்ததால் மேல் பொத்தானை மட்டும் அவரால் போட முடியவில்லை. நான்காம் நாளே முதற் குறிப்பு விழுந்தது. "அந்த ஒரு பொத்தானைப் போட்டுத் தொலைத்தால் என்ன, முனியப்பா?" என்று எழுவருள் தலைமை எழுத்தரான வேங்கடாசலம் கடிந்துகொண்டார். முனியப்பன் பணிவு குறையாமல் விடை சொன்னார்:

"போட்டுக்கறனுங்க. மூச்சு எந்தப் பக்கமா வாங்கறதுன்னு மட்டும் அய்யாவைக் கேட்டுச் சொல்லிப்போடுங்க."

எழுவருக்கு ஒரு கோட்டு

எழுத்தர் எழுவருக்கும் கோட்டு இருந்தது. எல்லாம் கலியாணத்துக்குத் தைத்தவை. பெட்டியில் அந்துருண்டை மணத்தோடு உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை வியர்வையில் ஊறவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பட்டாளத்தில் சேர்ந்துவிட்ட முன்னாள் எழுத்தர் ஒருவர் விட்டுச் சென்ற கறுப்புக் கோட்டு ஒன்று ஆவண அறையில் கிடந்தது. அதைத் தட்டி, அதிகாரியின் அறை வாசலில் ஆணியடித்து மாட்டினார்கள். கோப்பு கொண்டுபோகிறவர் மாட்டிக்கொண்டு உள்ளே போவார். வெளியே வந்ததும் கழற்றி அடுத்தவரிடம் கொடுப்பார்.

நண்பகலுக்குள் அந்தக் கோட்டில் ஏழு குடும்பத்து வியர்வையும் கலந்துவிடும். முதலில் அணிகிறவருக்குத்தான் அது உலர்ந்து கிடைக்கும் என்பதால், விடிந்ததும் விடியாததுமாக ஓடிவந்து அதிகாரியைக் காணத் துடிக்கும் எழுத்தர்களை நான் அந்த அலுவலகத்தில்தான் கண்டேன். அதிகாரி இதனைக் கடமையுணர்ச்சி என்று எண்ணி மகிழ்ந்தார். மூன்றாம் வாரம் கோட்டின் இடப்பக்கத்தில் மை கொட்டிவிட்டது. கழுவியும் போகவில்லை. எழுவரும் அதோடு ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். மாலையில் தலைமை எழுத்தரை அழைத்த அதிகாரி இரைந்தது எங்கள் மேசைவரை கேட்டது:

"உம்முடைய ஆட்களில் பேனா பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லையா? ஏழு பேருக்கும் ஒரே இடத்தில் மை கொட்டியிருக்கிறதே, ஐயா!"

என் கைகள்

மறுநாள் எழுவருக்கும் ஒரே கோட்டு என்பது தெரிந்துவிட்டது; உத்தரவு இறுகியது. எழுத்தர்கள் இனி இருக்கையிலும் நாள் முழுவதும் சொந்தக் கோட்டோடு உட்கார வேண்டும். கறைபட்ட கோட்டை எரித்துவிட வேண்டும். அந்த எரிச்சலில் அதிகாரியின் கண் என்மீதும் விழுந்தது. பெண் ஊழியர்கள் மணிக்கட்டுவரை கையும் தாடைவரை கழுத்தும் வைத்த இரவிக்கை அணிய வேண்டும், காலுறை போட வேண்டும் என்று தனியாக ஒரு தாள் வந்தது. அந்த ஊழியர்கள் நான் ஒருத்திதான். பதினோர் ஆண்டு மாணவியர்முன் நின்றபோது என் முழங்கையால் எவருடைய ஒழுக்கமும் கெட்டதாக நான் அறியேன். எனினும் தைத்து அணிந்தேன். ஒழுங்கு என்றால் எனக்கும் பிடிக்கும், மடமைக்கு அந்தப் பெயரைச் சூட்டுவதுதான் பிடிக்காது.

அந்த வாரம் ஏரியூரிலிருந்து ஒரு குடியானவப் பெண் மண்ணெண்ணெய்ச் சீட்டுக்காக வந்தாள். நான் எழுதிக்கொண்டிருக்கையில் என் கையையே பார்த்தாள். பிறகு மேசைக்கடியில் குனிந்து காலுறையைப் பார்த்தாள். சீட்டைக் கையில் வாங்கியும் நகரவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, உண்மையான இரக்கத்தோடு கேட்டாள்:

"ஏனுங்கம்மா, கையி காலு பூராவும் சுத்தி மூடியிருக்கீங்களே, ஒலைத்தண்ணி கொட்டிக்கிச்சுங்களா? சோத்துக் கத்தாழைய வெச்சுக் கட்டுங்க, ரெண்டே நாள்ல ஆறிப்போவும்."

ஈரத் தலைப்பாகை

சித்திரை பாதி கழிந்தபோது முனியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் பாராதபோது தலைப்பாகையைப் பானைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, மறுபடியும் சுற்றிக்கொள்வார். சீருடையில் ஒரு நூல் குறையாது, தலையும் குளிரும். ஒருநாள் சரியாகப் பிழியவில்லை. தபால் கட்டை அதிகாரியின் மேசைமேல் வைக்கக் குனிந்தபோது, நெற்றியோரமாக இறங்கிய தண்ணீர், மேலதிகாரிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தின்மேல் சொட்டிவிட்டது. மை பரவியது, மரியாதைச் சொற்கள் மட்டும் அழிந்துபோயின. இரண்டாம் குறிப்பு அந்த ஈரம் காய்வதற்குள் எழுதப்பட்டது. முனியப்பன் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒன்றுதான் மிச்சம். உள்ளேயிருந்து அதிகாரியின் குரல் அவரைத் தொடர்ந்து வந்தது:

"தலைப்பாகை சர்க்கார் சொத்து! தண்ணீர் குடிக்கவா உன் தலையில் அதை வைத்திருக்கிறது?"

என் மனு

இதற்குமேல் வாளாவிருத்தல் தகாது என்று நானே ஒரு மனு எழுதினேன். ஆனி மாதம்வரை முனியப்பனின் கம்பளிக் கோட்டுக்குப் பதிலாக வெள்ளைக் காடாத் துணியில் ஒரு கோட்டு அனுமதிக்க வேண்டும், அதுவரை எழுதிய குறிப்புகளைக் கணக்கில் கொள்ளலாகாது என்பதே வேண்டுகோள். மூன்று முறை திருத்தினேன். ஒரு சொல்லை எடுத்தால் பொருள் குறையும், ஒரு சொல்லைச் சேர்த்தால் மிகையாகும் என்னும் நிலைக்கு அதனைக் கொணர்ந்தேன். எழுவரும் கையொப்பமிட்டார்கள், வேங்கடாசலம் வியர்வைத் துளி விழாமல் அதனைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனார்.

கால்மணி நேரம் கழித்து வந்தார். முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. முனியப்பன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். வேங்கடாசலம் தம் கோட்டுப் பொத்தான் ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மனு அற்புதமா எழுதியிருக்காம்மா. வெயில்ல படிச்சா அதன் அருமை தெரியலையாம். மார்கழியில மறுபடியும் வெக்கச் சொன்னாருங்க."

சாமை விதை

வைகாசி முதல் வாரத்தில் சித்தேரி மலையிலிருந்து சடையன் என்னும் குடியானவர் வந்தார். மலையில் முதல் மழை விழுந்துவிட்டது. வீட்டில் வைத்திருந்த விதையைப் பஞ்சத்தில் தின்றுவிட்டதால், கீழே வந்து சாமை விதை ஒரு மூட்டை வாங்கியிருந்தார். அந்நாளில் தானியம் எதுவானாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் நகர்த்தக்கூடாது. அடிவாரச் சாவடியில் மூட்டையை மடக்கி வைத்துவிட்டார்கள். சீட்டை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும். மனுதாரரே நேரில் சீட்டைக் கொண்டுபோக வேண்டும், வெற்றுடம்போடு எவரும் உள்ளே வரலாகாது என்பவையும் உத்தரவுகள். சடையன் முழங்கால் வேட்டியும் தோளில் ஒரு துண்டுமாக நின்றார். அதிகாரியோ மறுநாள் காலையில் வெயிலுக்கு ஒதுங்கப் பத்து நாள் ஏற்காடு போகிறவர்.

கோட்டு இரவல் கேட்டேன். எழுவரும் ஒரே நேரத்தில் தத்தம் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்கள். கழற்றிக் கொடுக்க என்னிடம் ஏதும் இல்லை. "பத்து நாள் களிச்சு வரட்டுங்களா?" என்று சடையன் கேட்டார். "ஈரங் காஞ்சிருமேங்க" என்று தாமே சொல்லிக்கொண்டார். அப்போது முனியப்பன் அவர் கையைப் பிடித்துத் தாழ்வாரத்து அலமாரிக்குப் பின்னால் அழைத்துப் போனார். நான் எழுந்து போவதற்குள் சிவப்புக் கோட்டு சடையன்மேல் ஏறிவிட்டது. டவாலி, வில்லை, தலைப்பாகை எல்லாம் மாறிவிட்டன. தாம் ஒருநாளும் போடாத மேல் பொத்தானையும் முனியப்பன் அவருக்குப் போட்டுவிட்டார்.

"முனியப்பன், மூன்றாவது குறிப்பு!" என்றேன்.

"எழுதட்டுங்கம்மா. எனக்கு வேலை போனா குடகு இருக்குது. இவுங்க வெதை போனா வூட்டுல ஒரு வருசத்துக்கு ஒலை ஏறாதுங்க."

சடையன் சீட்டை இரு கையாலும் ஏந்தி அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். என் இருக்கையிலிருந்து கதவுக்கு மேலே அவர் தலையும் தோளும், அப்பால் அதிகாரியின் முகமும் தெரிந்தன. அதிகாரி பயண அவசரத்தில் கையெழுத்துகளை இறைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மேசைமேல் வந்த சீட்டையும் இழுத்து ஒப்பமிட்டுத் தள்ளினார். மனுதாரர் எங்கே என்று கேட்கவுமில்லை. சடையன் அதை எடுத்துக்கொண்டு திரும்பினார். "நில்!" என்றார் அதிகாரி. எங்கள் எட்டுப் பேனாக்களும் நின்றன. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, சிவப்புக் கோட்டைக் கீழ்ப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், மேல் பொத்தானை அடைந்ததும் முகம் மலர்ந்தார். அதற்குமேலும் ஒரு முகம் இருந்தது. அந்த முகம்வரை அவர் கண் ஏறவில்லை. "இதுதான், முனியப்பன்! இரண்டு மாதமாக நான் சொன்னது இதைத்தான். பார், இப்போது எப்படி இருக்கிறாய்!" என்றார். "ஆவட்டுங்க சாமி" என்றார் சடையன். பதிவேடு வரவழைக்கப்பட்டது. சேவகர் உடை ஒழுங்கில் முழுமையாகத் திருந்தியதால் முந்தைய இரு குறிப்புகளும் நீக்கப்பட்டன என்று அதிகாரி தம் கைப்பட எழுதினார்.

வெளியே வந்த சடையனின் முகம் ஆற்றில் முழுகி எழுந்தவர் முகம்போல் இருந்தது. வேலை தங்கிவிட்டது என்று நான் சொன்னதைக் கேட்டும் நம்பாமல், வெற்றுடம்பாக நின்ற முனியப்பன் சடையனுடைய மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். சடையன் நீளமாக மூச்சு வாங்கி, சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அதிகாரியின் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்:

"நல்ல மனுசருங்க, பாவம். கண்ணுதான் தெரியாது போலிருக்குதுங்க. மொகத்துக்கு நேரா நிக்கறேன், என்னைப் போயி முனியப்பாங்கறாரு."

அந்த அலுவலகத்தில் முழுச் சீருடைக்காக நற்சான்று பெற்ற ஒரே சேவகர், அது எழுதப்பட்ட நேரத்தில், அலமாரிக்குப் பின்னால் வெற்றுடம்போடு, அந்தக் கோடையில் முதன்முறையாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.