கடற்காற்றின் மேல் விழுந்த பழி

என் கணவர் இரண்டாவது விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வந்தபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு சின்ன வெள்ளிநிற உறையைப் பொதிந்து கொண்டுவந்தார். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு மெல்லிய தகடு. கணினிக்குள் செருகும் மெமரி. கடைக்காரர்கள் ராம் என்பார்கள். எங்கள் வீட்டுக் கணினியில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இதையும் சேர்த்துப் போட்டால் வேகம் கூடும் என்றார். அவரே மூடியைக் கழற்றி, அவரே செருகி, ஓடுகிறதா என்று பார்த்து, திருப்தியாக மூடினார். பிறகு விடுமுறை முடிந்து போய்விட்டார்.

தேங்காய்ப்பட்டணத்தில், கடல் இரைச்சல் வீட்டுக்குள் கேட்கும் தூரத்தில் நானும் மகளும் இருந்தோம். அவள் அந்த ஆண்டுதான் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தாள். கருங்கல் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு தனியார் பள்ளியில் நான் தமிழாசிரியை. அங்கே தமிழில் தட்டச்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை எல்லாத் தமிழ் வினாத்தாள்களும் என் வீட்டுக் கணினியில்தான் தயாராயின.

முதலில் கெட்டது புகைப்படங்கள். மகளைப் பள்ளியில் விட்ட முதல் நாள், அவளது பிறந்தநாள் ஆகியவற்றின் படங்களைக் கேமராவிலிருந்து கணினியில் ஏற்றியிருந்தேன். ஊரிலிருந்து யாராவது வளைகுடாவுக்குப் போகும்போது சி.டி.யில் பதிந்து கொடுத்துவிடலாம் என்று எண்ணம். ஒருநாள் திறந்து பார்த்தால் சில படங்களில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். மற்றவை நன்றாகத்தானே இருந்தன.

அடுத்து, தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை நீலமாகி வெள்ளை எழுத்துகள் வந்து நிற்கத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புத் தாளை இரண்டு முறை முதலிலிருந்து அடித்தேன். வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தபோது சொன்னேன்.

"நீ நேரா ஷட்டவுன் செய்யாம சுவிட்ச அணைச்சிருப்பே," என்றார்.

"நான் ஒருநாளும் அப்படி அணைக்கல்ல."

"பின்னே தானா கெட்டுப்போவுமா? நான் வந்திருந்தப்ப நல்லாத்தானே ஓடிச்சு."

மறு வாரம் கணினி எழவே இல்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும். திரை கறுப்பாகவே இருக்கும். உள்ளிருந்து பீப், பீப், பீப் என்று நீளமான மூன்று சத்தம். ஆட்டோவில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு கருங்கல்லுக்குப் போனேன். குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் இரும்பு விளிம்பு தொடையில் இடித்தது.

அங்கே மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் மூடியைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: "டீச்சருக்கு வீடு எங்க?"

"தேங்காப்பட்டணம்."

"அப்ப வேற என்ன? உப்புக் காத்தாக்கும். ஜன்னல் கம்பியே நிக்காது, இது நிக்குமா?"

அது நம்பும்படியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பீரோவின் கால் எல்லாவற்றையும் அந்தக் காற்று தின்றிருந்தது. அவர் ராம் இரண்டையும் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் முனைகளைத் தேய்த்து, திரும்பச் செருகினார். கணினி எழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் நீலத்திரை.

திரும்ப ஆட்டோ. இந்த முறை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மாலையில் பள்ளி முடிந்து போனபோது சிரித்த முகமாக இருந்தார்.

"ஃபார்மேட் அடிச்சாச்சு டீச்சர். இனி புதுசு மாதிரி ஓடும்."

"அதுல போட்டோ இருந்துதே!"

"எதுல வச்சிருந்திய? டி டிரைவ்லயா?"

"எதுலன்னு எனக்கு என்ன தெரியும்? தொறந்த ஒடனே முன்னால தெரியுமே, அங்க."

அவர் முகம் மாறியது. "அப்ப போச்சே டீச்சர். நீங்க முன்னாலயே சொல்லல்லியே."

அவரும் என்னிடம் கேட்கவில்லை. கேமராவில் இருந்ததை நான் எப்போதோ அழித்துவிட்டிருந்தேன். கடைப் படியில் இறங்கும்போது சிபியு கைக்கு அத்தனை கனமாக இருந்தது. 

புதுசு மாதிரி ஓடும் என்றது நான்கு நாள் தாங்கியது. மூன்றாம் முறை போனபோது அவரே எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற உட்கார்ந்தார். பாதியில் ஒரு கோப்பைப் படியெடுக்க முடியவில்லை என்று நின்றது. சி.டி.யில் கீறல் என்றார். வேறு சி.டி. போட்டார். வேறு இடத்தில் நின்றது. ஹார்ட் டிஸ்க் என்றார். கடையிலிருந்த வேறொன்றை மாட்டினார். அதிலும் நின்றது. கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மதர்போர்டு அடிச்சுப்போச்சு டீச்சர். கடக்கரையில கம்ப்யூட்டர் வச்சா இதான்," என்றார். மதர்போர்டு என்றால் ஏறக்குறைய முழுக் கணினி. நான் கணினியை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று போனில் எங்களுக்குள் பெரிய சண்டை.

"ஒரு சாதனத்த பாத்து வச்சிக்கத் தெரியாதா ஒனக்கு?" என்றார்.

"நீங்க அங்க இருந்துகிட்டு என்ன வேணும்னாலும் சொல்லலாம். தூக்கிச் சொமந்துகிட்டு அலையது நானாக்கும்," என்று போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அரையாண்டுத் தாள்கள் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை சிறப்பு வகுப்புக்குப் போன இடத்தில், எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சரிடம் புலம்பினேன். என் வயதுக்காரி. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உள்ள எத்தன ராம் கெடக்கு?"

"ரெண்டு. ஒண்ணு மின்னயே உள்ளது. ஒண்ணு அவரு கொண்டுவந்தது."

"ஒவ்வொண்ணா கழத்திப் பாத்தியா மக்கா?"

மூன்று வாரமாக யாரும் அதைச் செய்யவில்லை. கடைக்காரர்கூட இரண்டையும் சேர்த்தே தேய்த்து, சேர்த்தே செருகினார். அவள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தாள். மெமரியைச் சோதிக்கும் சி.டி. ஒன்றையும், கணினியில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றும் சி.டி.களையும் கொடுத்தாள்.

மதியம் மகள் தூங்கியதும் சிபியுவைத் தரையில் படுக்கவைத்து மூடியைக் கழற்றினேன். முதன்முறையாக அதன் உள்ளே கை வைக்கிறேன். பயம்தான், ஆனால் பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. ராமின் இரு பக்கமும் இருந்த வெள்ளைக் கொக்கிகளை விலக்கியதும் அது துள்ளி மேலே வந்தது. அவர் கொண்டுவந்ததை எடுத்துவிட்டு, பழையதை மட்டும் வைத்து அழுத்தினேன். ஒரே ஒரு சின்ன பீப். கணினி எழுந்தது. சி.டி.யைப் போட்டு ஓடவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிழையும் இல்லை.

பிறகு பழையதைக் கழற்றி, அவர் கொண்டுவந்ததை அதே இடத்தில் செருகினேன். மூன்று நீண்ட பீப். மறுபடியும் கழற்றிச் செருகினேன். அதே பீப். மூன்றாம் தடவை எப்படியோ எழுந்தது. சோதனை தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் திரையில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாதபடி கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டே இருந்தன. நான் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் வரவில்லை. இது அரை நாள் வேலை. இதற்கா மூன்று வாரம், இதற்கா அந்தப் படங்கள் என்றுதான் இருந்தது.

பழைய ராமை மட்டும் போட்டு, அவள் தந்த சி.டி.களிலிருந்து எல்லாவற்றையும் அன்றிரவே ஏற்றி, ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து தாள்களை அடித்து முடித்தேன். திங்கள் மாலை கருங்கல் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "இப்ப செரியாச்சுல்லா?" என்றார், வேறொரு கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எப்படிக் கழற்றினேன், எதில் எழுந்தது, எதில் எழவில்லை. அவர் குறுக்கே பேசவில்லை. 

"அது இங்க ஆபீஸ்ல ஒதுக்கிப் போட்ட மெஷின்ல உள்ளதாக்கும்," என்றார் மெதுவாக. "அந்த மெஷின் எடையெடையில நின்னுபோவும். வேற எதோ கோளாறுன்னுதான் நெனச்சேன். வீட்டுக்குக் கொண்டுபோனா உபயோகப்படுமேன்னு..."

"அத அண்ணைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். குத்தம் எனக்கதுதான்."

இத்தனை நாள் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சண்டை போட்டேன். கிடைத்தபோது கோபம் போகவில்லை.

"போட்டோ ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"மோளு பள்ளிக்கூடம் போன மொதல் நாள் எடுத்தது?"

"அதும் போச்சு."

"செரி, யூனிபாரம் போட்டு திரும்ப ஒண்ணு எடுத்து அனுப்பு."

"எடுக்கலாம். ஆனா அண்ணைக்கு அவ பள்ளிக்கூட கேட்டப் புடிச்சிட்டு விடாம அழுதா. இப்ப டாட்டா காட்டிட்டு தனியா அவளாட்டு உள்ள போறா."

 அவர் மகளைக் கூப்பிடச் சொன்னார். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவளை அழைத்து, ரிசீவரை அவள் காதில் வைத்தேன். அவர் என்ன கேட்டாரோ தெரியவில்லை. அவள் போன் பக்கத்தில் நின்றபடி, பள்ளிக்கூட வாசல் எந்த நிறம், அங்கே யார் நிற்பார்கள், முதல் நாள் டீச்சர் எந்தக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.