ஐந்தாம் பிள்ளை

டயகம ரோட்டில் நான்கு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால், இடது ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கான் விளிம்போடு நடப்பவள் நிஷாந்தி. பதினைந்து வயதுக்குள் இரண்டு முறை அந்தக் கானில் விழுந்திருக்கிறாள். "கானுக்கு வாக்கப்பட்டவளே, இங்கிட்டு வாடி" என்பாள் தோழி லோஜினி. "அங்கனதான்டி காத்து வருது" என்பாள் இவள்.

காரணம் காற்றல்ல. அவளுக்கு இடது காது கேட்காது. ஊர் முழுக்க வலப்பக்கம் இருந்தாக வேண்டும். பஸ்ஸில் இடது ஜன்னல் கிடைக்காவிட்டால் நின்றே போவாள். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டாள். எதிரே நிற்பவர்களின் கண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். அந்த ஒரு வினாடிக்காகத் தேயிலைத் தோட்டம் அவளுக்கு வைத்த பெயர் 'திமிரு'.

ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. முன்பு தடுப்பூசி நாளில் அவள் அம்மா நாகலெட்சுமிக்கு லீவு தராத, கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கின் மனைவிதான், வீக்கம் வற்றத் தங்கச் சங்கிலி இரவல் தந்தார். நல்ல மனுஷி. ஐந்து நாள் கழுத்தில் கிடந்தது. வீக்கம் போனது, சங்கிலி போனது, காதும் போனது. காது போனது மட்டும் தெரிய இரண்டு வருடமாயிற்று. கொழும்பிலிருந்து சித்தி பேசியபோது போனை இடது காதில் வைத்து, "யாருமே பேசலம்மா" என்றாள்.

"வெளிய சொல்லிறாத. பொம்பளப்புள்ள செவிடுன்னு பேரு வந்துட்டா எவன் கட்டுவான்?" என்றார் நாகலெட்சுமி. இல்லாத மாப்பிள்ளையின் மனம் நோகாதிருக்க, இருக்கிற பிள்ளை ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வகுப்பாசிரியர் சின்னராசாவிடம் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்குப் பிறகும் முன்வரிசையில் இடம் மாற்றுவார். முதலாம் பிள்ளைக்கு வாசலருகே வலது கோடி; ஐந்தாம் பிள்ளைக்குச் சுவரோரம் இடது கோடி. நிஷாந்தி ஒருமுறை வாசலருகே உட்கார்ந்தாள். வகுப்பு முழுவதும் செவிட்டுப் பக்கம் போய்விட, பாதிப் பாடம் போயிற்று. அதன்பிறகு எல்லாத் தவணையும் ஐந்தாம் பிள்ளை. தெரிந்த கணக்கை எழுதாமல் விட்டுவிடுவாள்.

"நாலாவதா வந்துருவேனோன்னு பயமா இருக்கும்மா" என்பாள் அம்மாவிடம் மட்டும். " மத்தவங்க எவ்வளவு எழுதுறாங்கன்னு பாத்துப் பாத்துதான் விடணும்."

முதலாவதாக வருவதற்கு இவ்வளவு படிக்க வேண்டியதில்லை.

இந்தத் தவணை அது நடக்கவில்லை. ஹட்டனில் விஞ்ஞானம் படிக்க முதல் மூவரைத்தான் பள்ளிக்கூடம் சிபாரிசு செய்யும். நிஷாந்தி ஒரு கணக்கையும் விடவில்லை.

"முதலாம் பிள்ளை நிஷாந்தி. வாசல் பக்கம் வாம்மா" என்றார் சின்னராசா.

எழுந்தாள். "எனக்கு எடது காது கேக்காது சார். அங்கன ஒக்காந்தா நீங்க பேசுறது வராது."

நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள்.

"யாரு சொன்னது?"

"நான்தான் சார் சொல்றேன்."

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று சார் யோசித்தார். அதற்குள் நிஷாந்தி வாசலருகே போய், முதலாம் பிள்ளையின் கதிரையை இரு கைகளாலும் தூக்கினாள். கரும்பலகைக்கு முன்னால் குறுக்கே நடந்து, அதைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தாள்.