மச்சாளுக்குத் தெரியாத பட்டம்

எங்கள் தொழிலில் ஆள் கதவைத் திறப்பதற்கு முதலே அவருடைய பட்டம் வந்து கதிரையில் இருந்துவிடும். மனோர் பார்க்கில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு, வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் பிழைப்பு. இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒரு நாள், கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி இப்படியொரு மேசைக்கு முன்னால் இருந்து நகம் கடித்தவர்கள்தானே. உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? பெயர்களை மாற்றியிருக்கிறேன். குணங்களை மாற்ற யாராலும் முடியாது.

சந்தனம் வைத்த சான்றிதழ்

வெளிநாட்டுப் பட்டத்தை இந்த நாட்டுப் பட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது அதற்குச் சமம், ஆங்கிலத்தில் படித்ததுதான் என்று எழுதித் தருவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அது கிடைத்தால் ஆங்கிலப் பரீட்சையிலிருந்து தப்பலாம். ஒரு தம்பி தன் சான்றிதழை ஊரிலிருந்து எடுப்பித்தார். அனுப்ப முதல் தாயார் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சாமியின் காலடியில் வைத்து அர்ச்சனை செய்வித்திருக்கிறார். ஐயரும் கை தாராளமானவர். அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் பதிவாளரின் கையெழுத்துக்கு மேலேயே போய் இருந்தன. கையெழுத்துத் தெரியவில்லை, வேறு பிரதி வேண்டும் என்று பதில் வந்துவிட்டது. நான் சொன்னதும் தம்பிக்கு முகம் சிவந்தது.

"முருகனே பொட்டு வைச்சு அனுப்பியிருக்கிறார். பிறகு ரெஜிஸ்ட்ராரின்ர கையெழுத்து என்னத்துக்கு அக்கா?"

தம்பியும் கடையும்

ரதி அக்கா சுவிஸிலிருந்து இங்கே வந்து வீடு வாங்கி நிலைத்தவர். ஒருநாள் தன் தம்பி செந்தூரனையும் அவருடைய மனைவி வசந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாணவர்கள் குடும்பத்தையும் கூட்டிவரக்கூடியதாக இருந்த காலத்தில் வந்த குடும்பம் அது. செந்தூரன் மாஸ்டர்ஸ் முடித்து, அதற்குப் பின் கிடைக்கிற விசாவும் முடியும் தறுவாயில் இருந்தது. யாராவது வேலை தந்து ஸ்பொன்சர் செய்யாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகன் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறான், நண்பர்களெல்லாம் இங்கேதான்.

ரதி அக்கா தம்பியின் சான்றிதழ்களைச் சீட்டுப் பரப்புவதுபோல் மேசையில் பரப்பினார். செந்தூரனுக்கு வேலை ஒரு கடையில், சுப்பவைசர். கடைக்காரர் ஸ்பொன்சர் செய்யத் தயார்தான். ஆனால் விசா பார்ப்பது ஆளின் பட்டத்தை அல்ல, வேலை பட்டதாரித் தரத்தில் உள்ளதா என்பதைத்தான், கடை வேலை அதற்குள் வராது என்று நான் விளக்கினேன். மூலையில் இருந்த வசந்தி எதையோ சொல்ல வாயெடுத்து, மச்சாள் ரதி அக்காவைப் பார்த்துவிட்டுக் கைப்பையை இழுத்து மூடினார்.

"தங்கச்சி, தம்பி படிச்சவன். கடை படிக்காட்டி அது அவன்ர பிழையே?" என்றார் ரதி அக்கா.

உலகப் பட்டியல்

இடையில் ஒரு மதுரைத் தம்பி. உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் படித்தவர்கள் வேலை இல்லாமலே வரக்கூடிய விசா ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் தன் கல்லூரி இருக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். மேலிருந்து கீழே பார்த்தோம். பிறகு, அவருடைய ஆசைக்காக, கீழிருந்து மேலேயும் பார்த்தோம். இல்லை. மனிதர் கலங்கவில்லை.

"ஆமா மேடம், உலக லிஸ்ட்ல இல்லதான். ஆனா எங்க ஊர் பஸ் எல்லாமே எங்க காலேஜ் வாசல்ல நின்னுதான் போகும்."

கோயிலுக்கென்று வந்தவர்கள்

ஒரு வெள்ளிக்கிழமை செந்தூரனும் வசந்தியும் மட்டும் வந்தார்கள். கோயிலுக்குப் போவதாக ரதி அக்காவிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். வசந்தி கைப்பைக்குள்ளிருந்து ஒரு சான்றிதழை எடுத்து வைத்தார். உணவு விஞ்ஞானத்தில் பட்டம், ஆங்கில மொழியில், முதல் வகுப்பு. பெயரை இரண்டு தரம் வாசித்தேன்; வசந்தியுடையதுதான்.

விஷயம் இதுதான். கலியாணம் பேசிய காலத்தில் மாப்பிள்ளையிடம் இருந்தது டிப்ளோமா மட்டும். பெண் அவரைவிட அதிகம் படித்திருந்தால் மாப்பிள்ளையின் அக்கா சம்மதிக்கமாட்டார் என்று தரகர் பயந்து, பெண்ணைப் பள்ளிக்கூட உயர்தரம் வரைக்கும் இறக்கிவிட்டார். எங்கள் சனம் பெண்ணின் வயதைக் குறைப்பதைக் கண்டிருக்கிறேன். பட்டத்தைக் குறைத்ததை அன்றுதான் கண்டேன். ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு செய்யும் தொழிற்சாலையில் பொதி கட்டப் போன வசந்தி, இப்போது அங்கே பரிசோதனைக்கூடத்தில் உதவிக்கு நிற்கிறார். பட்டம் இருந்தால் விஞ்ஞானி வேலை தந்து தாங்களே ஸ்பொன்சர் செய்வதாக மனேஜர் சொல்லியிருக்கிறார். அந்த வேலை விசாவுக்குப் பொருந்தும். வசந்தி விண்ணப்பித்தால் கணவனும் மகனும் அவரோடு இங்கேயே நிற்கலாம்.

பிறகு என்ன தடை என்று கேட்டேன். அவர்கள் இருப்பது ரதி அக்காவின் வீட்டில். அவரிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். உங்களுக்கு இது எப்போது தெரியும் என்று செந்தூரனைப் பார்த்துக் கேட்டேன்.

"பொம்பிளை பார்க்கப் போன அண்டைக்கே தெரியும். அதை அக்காவிட்ட மறைக்கிறதுதான் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து படிச்ச படிப்பு."

மேசைக்கு அந்தப் பக்கம்

அடுத்த முறை மூவரும் வந்தபோது, உள்துறை அதிகாரிகளுக்கு ஒரே மூச்சில் எழுதுகிற நான், ரதி அக்காவின் தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போட்டேன். பட்டத்தையும் வேலையையும் சொன்னேன். தரகரின் திருவிளையாடலையும் சொன்னேன். இனித் தம்பி மனைவியைச் சார்ந்திருப்பவராகத்தான் விசாவில் இருப்பார் என்பதை மட்டும் இருமலோடு சேர்த்துச் சொன்னேன்.

அவர் வசந்தியைப் பார்க்கவில்லை. சான்றிதழைக் கண்ணாடி போட்டு வாசித்தார், முழுவதையும். முதல் வகுப்பு என்ற இடத்தில் விரல் நின்றது. இத்தனை காலம் இதை மறைத்துக்கொண்டு என் வீட்டில் மரக்கறி வெட்டினாயா என்று கேட்பார், வீட்டை விட்டுப் போ என்பார் என்றெல்லாம் நான் பயந்தேன். வசந்தி அழத் தொடங்கிவிட்டார். ரதி அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப எங்கட பெடியன் இப்ப போற பள்ளிக்கூடத்திலேயே படிக்கலாமோ?"

ஓம் என்றேன்.

லட்டுப் பெட்டி

விசா கிடைத்த அன்று ரதி அக்கா தனியாக, லட்டுப் பெட்டியோடு படியேறி வந்தார். வசந்தியின் சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியாகிவிட்டது, தம்பியுடையது சாமியறைக்குப் போய்விட்டது என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"சுவிஸில சின்னத் தம்பி ஒருத்தன் இருக்கிறான், தங்கச்சி. இன்னும் கலியாணம் கட்டேல்லை, இங்க வர ஆசைப்படுறான். உங்களிட்ட வாற பிள்ளையளுக்குள்ள, எந்த வேலைக்கும் ஸ்பொன்சர் கிடைக்கிற மாதிரிப் படிச்ச பிள்ளை இருந்தால் சொல்லுங்கோ. இந்த முறை தரகர் வேண்டாம்."

வெளிநாட்டுப் பட்டத்துக்கு விலை போட இந்த நாட்டில் எத்தனை அலுவலகம் இருந்தாலும், எங்கள் சனத்திடம் அது செல்லுபடியாக மச்சாளின் கையெழுத்துத்தான் வேண்டும்.