படிவத்தோடு ஒரு கல்வெட்டு

பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவன், பிள்ளையின் கையைவிடப் பெற்றோரின் வாயைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மருதனார்மடத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். படிவங்களோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு என் நிலைமை விளங்கும்.

விருப்ப வரிசை

படிக்க விரும்பும் துறைகளை வரிசையாகப் பதிய வேண்டும். ஒரு தகப்பன் பதினேழு துறைகளை மூச்சுவிடாமல் சொன்னார். நானும் பதிந்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகனிடம், "தம்பி, உமக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன்.

"அப்பா முடிக்கட்டும், சொல்லுறன் அண்ணை."

கையெழுத்து

புத்தூரிலிருந்து நிலானி என்ற மாணவி வந்தது விண்ணப்ப முடிவுக்கு முந்திய கடைசிக் கிழமையில். உயர்தரப் பரீட்சைக்குச் சற்று முன்னர்தான் அவளுடைய தாய் புற்றுநோயால் இறந்தார். அப்படியிருந்தும் தாதியியல் கிடைக்கக்கூடிய பெறுபேறு எடுத்திருந்தாள். விண்ணப்பத்தில் பாடசாலை அதிபர் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்துவிட்டார். இரண்டு மாதம் காரணம் அறிவிக்காமல் பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்டாளாம். வரவுப் பதிவேட்டோடு சேர்த்துவைக்க ஒரு கடிதமும் இல்லையாம். வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி.

"ஏன் பிள்ளை கடிதம் குடுக்கேல்லை?"

"காய்ச்சல் எண்டால் எழுதலாம் அண்ணை. அம்மா சாகப்போறா எண்டு எப்பிடி எழுதுறது?"

ஒன்பதாம் பக்கம்

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வீட்டுக்கு வருவோருக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். நிலானியின் தாயுடைய கல்வெட்டு என் கடையில் தயாரானதுதான். பிழை திருத்தியவன் என்பதால் ஒன்பதாம் பக்கம் நினைவுக்கு வந்தது. அதில் அதிபரின் அனுதாப உரை: "பரீட்சை நெருங்கிய வேளையிலும் இரண்டு மாதங்கள் தாயின் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்த எம் மாணவியின் பண்பு போற்றத்தக்கது." கீழே கையெழுத்து, பதவி முத்திரை.

கணினியில் கிடந்த அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தின் மேல் பின் குத்திக் கொடுத்தேன். "ஒண்டும் கதைக்காதை பிள்ளை. மேசையிலை வை, அது போதும்."

அடுத்த நாள் மத்தியானம் கையெழுத்தோடு திரும்பி வந்தாள். அதிபர் இரண்டு தரம் வாசித்தாராம். பிறகு, "உந்தக் கல்வெட்டை ஆர் இன்னும் வைச்சிருக்கினம்?" என்று கேட்டாராம். கதைக்காதே என்று நான் சொன்னதை நிலானி அந்த இடத்தில் மட்டும் மறந்துவிட்டாள்.

"ஊரிலை எல்லா வீட்டிலையும் இருக்கு, சேர்."

இறந்தவரைப் பற்றி எழுதும்போதுதான் சிலருக்கு உயிரோடிருப்பவரைப் பற்றிய உண்மையும் வருகிறது என்பதால், தயாரித்த கல்வெட்டு ஒன்றையும் நான் கணினியிலிருந்து அழிப்பதில்லை.