கைப்பிடியில் தொங்கிய அம்மைப்பால்

அம்மை குத்துகிறவனுக்கு ஊசி வேலை அரை மணி நேரம்; மீதி நாள் முழுக்க சைக்கிள் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் அரியலூர்ப் பக்கம் அந்த வேலை பார்த்தேன். கண்ணாடிக் குழாய்களில் ரயிலேறி வரும் அம்மைப்பாலை, அதாவது தடுப்பு மருந்தை, சூடு படாமல் கிராமத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சூடு பட்டால் அது செத்துவிடும்; பார்த்தால் தெரியாது. கைப்பிடியில் பை மாட்டி ஊர் ஊராகச் சுற்றியவர்களுக்கு என் பாட்டைத் தனியாக விளக்க வேண்டாம்.

பெரிய பை

முதலில் வாங்கியது பெரிய கான்வாஸ் பை. குழாய், ஊசி, ஸ்பிரிட் விளக்கு, ரிஜிஸ்டர், மாற்று வேட்டி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் அதற்குள். மணி மறைந்தது; பிரேக்கைப் பிடிக்க விரல் நுழையவில்லை. ஜெயங்கொண்டம் சாலை வளைவில் நான் திரும்பினேன், பை திரும்பவில்லை. சைக்கிளோடு முந்திரித் தோப்புக்குள் போய் விழுந்தேன். கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "பைய நீங்க ஓட்டுறீங்களா, பை உங்கள ஓட்டுதுங்களா?"

அழகான பை

"தம்பி, முன்னாடி சின்னதா ஒண்ணு போதும். கனமெல்லாம் பின்னால கட்டு" என்றார் பெரம்பலூரில் இதே வேலை பார்த்த சவரிமுத்து அண்ணன். அதன்படி சின்னத் தோல் பை வாங்கினேன். கறுப்புத் தோல், பித்தளைக் கொக்கி. மாட்டியதும் எனக்கே டாக்டர் களை வந்துவிட்டது.

அந்தக் களையோடு கீழப்பழுவூர் போய்ப் பதினேழு குழந்தைகளுக்குக் குத்தினேன். எட்டாம் நாள் பார்க்கப் போனால், கொப்புளம் எழும்பியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு கையிலும் ஒன்றும் இல்லை. வெயிலில் கறுப்புத் தோல் அடுப்பாகியிருக்கிறது. நான் குத்தியது செத்த பால். அடுத்த ஊரிலோ இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. இது தெரியாத செல்லம்மா, தன் ஆறு மாதக் குழந்தையின் கையைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாள்: "போன தடவ வந்தவரு குத்தி எம் மூத்ததுக்குக் கை வீங்கிப்போச்சு. உங்க குத்து பூ மாதிரி சார், ஒண்ணுமே ஆகல!"

ஒழுகும் பை

எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் மறுபடி கொண்டுபோகும் பாலும் வெந்துபோனால்?

அரியலூரில், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடி மேடு வந்தால் ஆட்களை இறக்கித் தள்ளவிடும் கரி பஸ் ஒன்றின் முன்னால் கான்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் காதர் பாய் அதிலிருந்து ஊற்றிக் கொடுத்த தண்ணீரில் பல் கூசியது. பை கசிகிறது, ஓட ஓடக் காற்று அடிக்கிறது, உள்ளே குளிர்கிறது. வாய் கிழிந்த பழைய பை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். குழாய்களைப் பஞ்சில் சுற்றித் தகர டப்பியில் அடைத்து, டப்பியைத் தண்ணீருக்குள் இறக்கினேன். ஆடாமலிருக்கக் கைப்பிடிக்கு இரண்டு வார். சக்கரத்தில் உரசாமலிருக்க நான்கு விரல் இடைவெளி. காதர் பாய் சுற்றி வந்து பார்த்தார்: "இந்த வண்டியையாவது யாரும் எறங்கித் தள்ள வேணாம், அல்ஹம்துலில்லாஹ்!"

அதே பதினேழு கைகள்

கீழப்பழுவூரில் உண்மையைச் சொன்னேன். "போன தடவை குத்தினது பலிக்கல. மருந்து வழியிலேயே செத்துப்போச்சு. தப்பு என்னுதுதான்."

செல்லம்மா குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலன்னா நல்லதுதானே சார்?"

"ஒண்ணும் ஆகலன்னா காவலும் இல்லம்மா. அடுத்த ஊரு வேப்பிலைய நீங்களும் பாத்திருப்பீங்க."

டப்பியை எடுத்து அவள் கையில் வைத்தேன். குளிர்ச்சி பட்டுச் சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பேசாம இருந்திருந்தா நாங்க கண்டோமா?" என்று முணுமுணுத்தபடியே குழந்தையின் கையை நீட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள்.

எட்டாம் நாள் பயந்துகொண்டே போனேன். பதினைந்து கைகளில் கொப்புளம் முத்து முத்தாக எழும்பியிருந்தது. விட்டுப்போன இரண்டுக்கும் அங்கேயே மறுபடி குத்தினேன். தலைவிரிகோலமாக, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லம்மா வந்தாள்: "மூணு நாளா புள்ளையும் தூங்கல, நானும் தூங்கல, உங்களத் திட்டாத நேரமில்ல. கல்லங்குறிச்சியில எந் தங்கச்சி வூட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு, மொதல்ல அங்க போங்க!"

பை வாங்கப் போகிறவர்கள் தோலையும் கொக்கியையும் தட்டிப் பார்க்கட்டும். நான் மாட்டிய மூன்றில் ஒழுகிய பைதான் உருப்படியாக ஊர் போய்ச் சேர்ந்தது.