படைக்குமுன் வெந்த சேவல்

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் மதியம், தட்டில் இருப்பது எந்தச் சேவல் என்று தெரிந்தபோது என் வாயில் இன்னும் ஒரு துண்டு இருந்தது.

அப்பா காட்டூரில் ஒரு சின்னச் சபையின் போதகர். ஆலயத்தை ஒட்டியே எங்கள் வீடு. அறுப்பின் பண்டிகைக்கு ஆட்கள் விளைந்ததில் முதலானதையோ, நேர்ந்துகொண்டதையோ கொண்டுவருவார்கள். வாழைத்தார், பூசணி, கோழி, சில சமயம் ஆடு. ஆராதனையில் அவற்றுக்காக ஜெபித்த பிறகு வெளியே பந்தலில் ஏலம் விடுவோம். ஏலத்தில் எடுத்தவர்களில் பலர், "ஐயா வீட்டுக்கு இருக்கட்டும்" என்று எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சபையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அண்ணனுக்கும் தெரிந்திருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று.

"எப்படியும் நாளைக்கு நமக்குத்தானே வரப்போகுது. ஒரு நாள் முன்னாடியே வந்துருச்சுன்னு வெச்சுக்கங்க" என்றான். அம்மா சித்தியின் பிரசவத்துக்காகத் தஞ்சாவூர் போயிருந்தார். அன்றைய சமையல் அவனுடையது.

அப்பா பிசைவதை நிறுத்தினார். "எந்தச் சேவல்டா?"

"செவப்புக் கழுத்து. இட்லிக்கடை அக்கா கொண்டாந்தது. காலையில இருந்து ஒரே கத்தல்ப்பா, கீபோர்டு பிராக்டிஸ் பண்ணவே விடலை. சுருதியும் சேரலை அதுக்கு."

வேறு சேவலாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன். இட்லிக்கடை அக்காவின் மகள் காய்ச்சலில் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டில் அவள் கையால் தீனி போட்டு வளர்த்த சேவல் அது. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும், நேர்ந்து சொன்ன வார்த்தை தவறக் கூடாது என்று அக்கா அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து எங்கள் கொல்லையில் கட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருந்தார்.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஏனென்றால் மறுநாள் இளைஞர் செய்தி என்ற பிரசங்கத்தைக் கொடுக்க வேண்டியவள் நான். தலைப்பும் நானே கேட்டு வாங்கியது: வேதத்தில் உண்மையுள்ள ஆசாரியரும் உண்மையற்ற ஆசாரியரும். ஒரு வாரமாக ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தேன். சாமுவேலுக்குப் பச்சை. கடவுள் கட்டளையிடாத அந்நிய அக்கினியைக் கொண்டுபோன ஆரோனின் மகன்களுக்குச் சிவப்பு. எல்லாவற்றையும்விடச் சிவப்பு, கிழட்டு ஆசாரியர் ஏலியின் மகன்களுக்கு.

அந்தக் கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பலியில் ஆசாரியனுக்கு, அதாவது அதைச் செலுத்திக் கொடுப்பவனுக்கு, நியாயமாகவே ஒரு பங்கு உண்டு. ஆனால் கொழுப்பு முதலில் கடவுளுக்கு எரிய வேண்டும். ஏலியின் மகன்களுக்கு அதுவரை பொறுமை இல்லை. ஆளை அனுப்பிப் பச்சைக் கறியாகவே கேட்டார்கள், கொடுக்காவிட்டால் பிடுங்கினார்கள். 'பங்கு அவர்களுடையதுதான், முந்திக்கொண்டதுதான் பாவம்' என்று ஒரு ஸ்லைடில் எழுதி, எனக்கு நானே சபாஷ் போட்டிருந்தேன். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய் லேப்டாப்பைத் திறந்தால், அதே வரி என்னை முறைத்தது. அதற்கடுத்த ஸ்லைடு இன்னும் மோசம். கடவுள் மகன்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. காணிக்கையைத் தின்று நீங்கள் கொழுத்தீர்கள் என்று ஏலியையும் சேர்த்தே கேட்டார். கிழவரும் சாப்பிட்டிருக்கிறார். தீர்ப்பும் தனி ஆளுக்கு வரவில்லை, வீட்டுக்கே வந்தது.

எங்கள் வீட்டில் எல்லோர் தட்டிலும் எலும்பு கிடந்தது.

அந்த நேரம் பார்த்து சபையின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இட்லிக்கடை அக்கா மகளுக்கு மறுபடி காய்ச்சல் ஏறுகிறது, ஜெபியுங்கள். நான் மைக்ரோபயாலஜி படித்தவள். சில காய்ச்சல்கள் இறங்கிப் பிறகு ஏறும் என்று பரீட்சையில் படம் வரைந்து எழுதியிருக்கிறேன். அந்தப் படிப்பு மண்டைக்குள் ஒரு மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தது. வயிறு அதைக் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் காலேஜ் தோழிக்குப் போன் போட்டேன். கோயில் கைங்கர்யம் பண்ணும் குடும்பம். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

"சேவலா? ராமா, அதெல்லாம் எங்கிட்டச் சொல்லாதேடி" என்று ஆரம்பித்தவள், விஷயம் புரிந்ததும் குரலை இறக்கினாள். "எங்காத்துல பெருமாளுக்கு அமுது பண்றச்சே உப்பு சரியா இருக்கான்னு நாக்குல வெச்சுக்கூடப் பார்க்க மாட்டா. நீங்க முழுசா சாப்ட்டுட்டேளா?"

போனை வைத்துவிட்டேன்.

வெளியே அப்பா அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். "அறிவிருக்காடா உனக்கு? நேர்ந்துவிட்டதுல கை வைக்கலாமா?" அண்ணன் தலையை ஆட்டினான், போனைப் பார்த்தான், மறுபடி தலையை ஆட்டினான். அதோடு முடிந்தது. அப்பா என்னைப் பார்த்து, "கிளம்பு. மார்க்கெட்டுல அதே மாதிரி ஒண்ணு கிடைக்கும். அந்தம்மா இருக்கற நெலமையில இது வேற தெரிய வேணாம்" என்றார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தஞ்சாவூர் ரோட்டில் ஒவ்வொரு லாரியும் எங்களைத் தேடித்தான் வருகிறது என்று தோன்றியது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே தோன்றியது.

காந்தி மார்க்கெட் பக்கம் கோழிக்கடைகளில் அப்பா ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து கழுத்தைப் பார்த்தார். கடைக்காரர் சிரித்தார். "என்ன சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி கழுத்தையே பாக்கறீங்க? செயின் போடப் போறீங்களா?" கடைசியில் ஒன்று அகப்பட்டது. அதே சிவப்பு, அதே உயரம். அப்பாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அந்த நிம்மதியோடுதானே நாளைக்கு இந்தச் சேவலைக் கையில் ஏந்தி, அக்காவின் பேரைச் சொல்லி ஜெபிப்பார்.

அப்பாவிடம் நான் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, ஏலியும் திட்டினாருப்பா. திட்டினதோட விட்டுட்டாரு."

அறைவார் என்று நினைத்தேன். அவர் சேவலைக் கடைக்காரரிடம் நீட்டி, "வேணாம்ப்பா" என்றார். "காலங்காத்தால இருந்து போணியே இல்ல, நல்லா வந்து சேர்ந்தீங்க சார்" என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அப்பா வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. பாலக்கரை வழியாகப் புத்தூருக்கு விட்டார்.

ஆஸ்பத்திரி மாடி வராண்டாவில் அக்கா நின்றிருந்தார். "வாங்கய்யா, நீங்களே வந்துட்டீங்களா" என்று கண் கலங்கினார். ஜெபிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அப்பா உட்காரவில்லை. "உங்க சேவலை எங்க வீட்டுல அடிச்சுச் சாப்பிட்டுட்டோம்மா. எம் பையன் அடிச்சான். நானும் சாப்பிட்டேன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ, அதையே கேட்டார். "அதனாலதான் எம்புள்ளைக்குக் காய்ச்சல் ஏறுச்சாய்யா?"

"இல்லம்மா" என்றார் அப்பா. "நீங்க சொன்ன மாதிரி கொண்டாந்து சேத்துட்டீங்க. உங்க காணிக்கை போய்ச் சேர்ந்தாச்சு. குத்தம் எங்களோடது. கர்த்தர் அதைப் புள்ள மேல வெக்க மாட்டாரு."

"அப்ப உங்க மேல வெப்பாரா?"

"தெரியலம்மா."

உண்மையுள்ள ஆசாரியன் குற்றமே செய்யாதவன் என்றுதான் ஸ்லைடில் எழுதியிருந்தேன். பிறர் பாரத்தைத் தன் மேல் சுமக்கிறவன் என்று எழுதத் தோன்றவில்லை. எங்கள் சபையில் விசுவாசிகள் எல்லோருமே ஆசாரியர்கள்தான் என்று மேடைக்கு மேடை சொல்வோம், பெருமையாக. அந்த வராண்டாவில் அது எனக்குப் பெருமையாகப் படவில்லை. யார் வீட்டுப் பிள்ளையின் பேரையாவது சொல்லி ஜெபித்தால் நானும் இப்படி வந்து நிற்க வேண்டியிருக்கும்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அடிச்சவரு எங்க? அவரு வந்து சொல்லட்டும். அது முட்டையா இருந்ததுல இருந்து எம்பொண்ணு பாத்தது."

அப்பா அண்ணனைக் கூப்பிட்டார். போனில் அவன் குரல் எனக்கும் கேட்டது. "ஒரு சேவலுக்கா இவ்வளவு? சபை முழுக்கத் தெரிஞ்சுரும்ப்பா. பிரச்சினை உங்களுக்குத்தான்."

"தெரியட்டும். நீ இங்க வந்து இவங்ககிட்டச் சொல்ற வரைக்கும் கீபோர்டுல உக்கார வேணாம். நாளைக்கும் சரி, அடுத்த வருஷமும் சரி."

பண்டிகை ஆராதனையில் கீபோர்டு வாசிக்க வேறு ஆள் இல்லை. அவன் வீட்டை விட்டுப் போய்விடுவானோ என்று அப்பா நினைத்திருப்பார். நான் நினைத்தேன். அக்கா உள்ளே போய்விட்டார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

வெகு நேரம் கழித்து அண்ணனின் பைக் கீழே வந்து நின்றது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்தான். கீழே இறங்கி வாங்க, பேசிக்கலாம் என்கிற மாதிரி கையைக் காட்டினான். அப்பா பாதி எழுந்தார். அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அண்ணன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, படியேறத் தொடங்கினான்.